சாவுக் குறியும் ஞானத்தந்தையும்

ரவுலிங் அம்மையாரின் மூன்றாம் ஹாரி பாட்டர் புதினத்தில் (1999) கரிய நாயொன்று வருகிறது. அதனைக் கண்டவர் மாள்வர் என்பது அம்மாய உலகினரின் நம்பிக்கை. ஹாரியின் நண்பனுடைய உறவினர் ஒருவர் அதைக் கண்ட 24 மணி நேரத்தில் இறந்தாராம். அச்சமே அவரைக் கொன்றது என்கிறாள் தோழி ஹெர்மயனி. கூரிய சொல்!

குறி கற்பிக்கும் ஆசிரியை, ஹாரியின் தேநீர்க் கோப்பையில் எஞ்சிய தூளில் அந்நாயைக் கண்டு அலறுகிறார். ஆண்டுதோறும் ஒரு மாணவனுக்குச் சாவு குறிப்பவர் அவர்; எவரும் இறந்ததில்லை. நகைத்துக் கடந்துவிடலாம்தான். ஆயினும், பெற்றோரை இழந்த 13 வயதுச் சிறுவனின் உறக்கத்தைப் பறிக்கும் உரிமையை அவருக்கு யார் தந்தது? நம்பித்தானே சொன்னார் என்பீர்கள். நம்பிக்கை குற்றத்தைக் குறைக்கலாம், பொறுப்பை நீக்குமா?

ஹாரி தெருவில் கண்ட நாயோ அவனுடைய ஞானத்தந்தை சிரியஸ். தம் ஞானப்பிள்ளையை ஒருமுறை காண்பதற்காக, சிறையிலிருந்து தப்பி, நாயுருவில் அங்கு வந்து நின்றவர்.