மக்களுயிரும் விலங்குயிரும்

மக்கள் விலங்கினும் உயர்ந்தோர் என்பது யாவரும் உடன்பட்டதே. அவ்வுயர்வு யாதன்கண் உளது, அதனால் மக்கட்கு எய்துவது உரிமையோ கடப்பாடோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது.

அறிவே வேற்றுமை என்பார் பலர். தொல்காப்பிய மரபியல் மனவறிவை மக்கட்கு ஓதிற்றாயினும், விலங்கினுள்ளும் ஒருசாரன அவ்வறிவுடையன என உடனோதிற்று. 1960-ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவிலுள்ள கோம்பேக் காட்டில், மனிதக் குரங்கு ஒன்று சிறு கொம்பின் இலையை உருவிக் கறையான் புற்றினுட் செலுத்திக் கறையானைப் பிடித்துண்ணுதலை ஜேன் குடால் அம்மையார் கண்டார். கருவி செய்தல் மக்கட்கே உரித்தென்ற கொள்கை அதனால் தளர்ந்தது. அன்றியும், அறிவின் அளவே உயிரின் மதிப்பாயின், பச்சிளங் குழவியும் சித்தம் பேதித்தாரும் தாழ்ந்தோராதல் வேண்டும். அதனைச் சான்றோர் உடன்படார்.

சித்தாந்த நெறியில் அறிவு ஆன்மாவின் இயல்பு. கருவிகளின் நிறைவு குறைவுகளால் அதன் விளக்கம் மிகும், குறையும். ஆகலான் எறும்பின் உயிரும் நம்முயிரும் ஓரினமே. வேறுபடுவன உடம்பும் கரணமுமே. திருவானைக்காவிற் சிலந்தியும் யானையும் இறைவனை வழிபட்டுப் பேறெய்தின என்னும் வரலாறும் இதனை வலியுறுத்தும்.

அற்றேல், விலங்கு மக்கள்பொருட்டுப் படைக்கப்பட்டதன்றோ எனின், அன்று. தனு கரண புவன போகங்களை இறைவன் உதவுவது அவ்வவ்வுயிர் தன் வினையை நுகர்ந்து பக்குவம் எய்துதற்பொருட்டு. ஆட்டின் உடம்பு ஆட்டின் உயிர்க்கு அருளப்பட்டது; அதனைப் பறிப்போன் பிறவுயிர்க்குரிய பொருளைப் பறித்தவனாவான். கொலையுண்டலும் அதன் வினைப்பயனே, கொன்றார்க்குக் குற்றம் என்னை எனின், அக்கூற்று மக்களைக் கொல்வார்க்கும் ஒக்குமாகலின் போலியென்று ஒழிக.

இனி, வேற்றுமை சிறிதும் இன்றோ எனின், உண்டு. புலி மானைக் கொல்லும், அதற்குப் பழியில்லை. விதியும் விலக்கும் ஆராய்ந்து தவிர்தல் அதற்கு இயலாமையின் என்க. மக்கட்கு அஃது இயலும். ஆகவே பழியும் மக்களையே சாரும்.

திருவாரூரில் மனுநீதிச் சோழர் மகனார் தேர்க்காலிற் கன்றொன்று மடிந்தபொழுது, அமைச்சர் கழுவாய் கூறினர். மன்னர் ஏலாராய், ஆவுற்ற துயரைத் தாமும் உறுதலே அறமெனத் துணிந்தார் எனப் பெரியபுராணம் உரைக்கும். கன்றின் அறிவு எத்துணைத்து என்று அவர் அளந்திலர். தாய்ப்பசுவின் துயரும் தம் கடனுமே நோக்கினார்.

ஆதலின் மக்களின் உயர்வு பிறவுயிரை ஆளும் பட்டயமன்று, அவற்றின்பாற் பட்ட கடனேயாம். அன்பர்கள் புண்ணியங் கருதித் திருக்கோயில்கட்கும் திருமடங்கட்கும் ஆக்களை விடுகின்றனர். அவற்றிற்கு நீரும் நிழலும் வேளைதோறும் உளவோ எனச் சென்று பார்த்தல் வழிபாட்டின் புறத்ததன்று. வழிபாட்டின் ஓர் உறுப்பேயாமென்று கொள்க.