உருவ மயக்கம்

உதகமண்டலத்து இந்துநகரில் 1960-இல் நிறுவப்பெற்றுப் படச்சுருள் செய்துவந்த தொழிற்சாலை இன்று இயங்கவில்லை. உருவைப் பதிக்கும் சுருள் ஒழிந்ததாயினும் உருவின்மேற் கொண்ட பற்று ஒழிந்திலது. கைப்பேசி வாயிலாகப் பெருகியது. நீலகிரிக்கு வருவார் பலர், மலையை நோக்காது, மலைமுன் நிற்கும் தம் முகத்தையே நோக்குகின்றனர்.

இம்மயக்கம் சிலரைக் கத்திக்கும் ஒப்புவிக்கின்றது. 2022 மே மாதத்திற் பெங்களூரில் 21 வயதுடைய நடிகை ஒருவர் கொழுப்பு நீக்கும் சிகிச்சையை அடுத்து உயிர் நீத்தார்.

சிகிச்சை யாவும் பழியோ எனின், அன்று. அறுபட்ட மூக்கைச் சீர்செய்யும் முறையைச் சுசுருதர் நூலே கூறும். தீப்பட்டார்க்கும் பிளந்த உதட்டோடு பிறந்தார்க்கும் அது பேருதவி. இல்லாத குறையை உண்டெனக் கருதி வருந்துவார்க்கோ, சிகிச்சைக்குப் பின்னும் அவ்வருத்தம் பெரும்பாலும் நீங்குவதில்லை என்பர் மருத்துவர். நோய் உடலிலன்றி நோக்கில் உள்ளதாகலின்.

உயிர் சார்ந்ததன் வண்ணமாவது. உடலைச் சாரின் உடலே தானென மயங்கும். பிறர் கண்ணைச் சாரின் அக்கண்ணுக்கு அடிமையாம். தனு, மலம் நீங்குதற்பொருட்டு இறைவன் தந்த கருவி. கருவியை ஓம்புக, அதனையே பயனென்று கொள்ளற்க. காரைக்காலம்மையார் பிறர் போற்றும் வனப்பைத் தாமே வேண்டி உதறினார். திருவாலங்காட்டில் திருவடிக்கீழ் இருக்கப் பெற்றார்.

அவர் நிலை நமக்கு எளிதன்று. ஆயினும் ஒன்று எளிது. பிள்ளைகளின் நிறத்தையும் உருவையும் இழித்துரையாமை நம் இல்லங்களிலே தொடங்குக. அவ்விழிசொல்லே இவ்வடிமைக்கு முதல் விலங்கு.