வாயிலும் வழியும்

வேற்று நாட்டில் தஞ்சம் புகுந்த வைத்தியர் ஒருவரை, அவர் முன்னரே கற்றுத் தேறிய கலையில் மீண்டும் பரீட்சைக்கு அமருமாறு கேட்பது நீதியா? போரினால் வீடிழந்தவரிடம் கல்வியையும் மெய்ப்பித்துக் காட்டச் சொல்லலாமா? பல நாடுகளில் இன்று எழுந்துள்ள இவ்வினாவுக்கு விடை காண நாம் இலண்டனுக்குச் செல்ல வேண்டியதில்லை. ஹாலிஎலையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலிருந்தே தொடங்கலாம்.

1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம், தொழிலாளரின் உடல்நலத்தைப் பேணும் பொறுப்பைத் தோட்டங்கள் மீது சுமத்தியது. ஆயினும் லயத்து மக்களுக்கு நெடுங்காலம் வாய்த்தவர் பட்டம் பெற்ற வைத்தியர் அல்லர். தோட்ட மருத்துவ உதவியாளரே. அவர்களுள் தம்மை வருத்தி உழைத்தோர் பலர் உண்டு. குறை அவர்களுடையதன்று. கொழுந்து பறிப்பவளின் உயிருக்கு இவ்வளவு போதும் என்று கணக்கிட்ட அமைப்பின் குறை அது. ஆகவே, ‘யாராயினும் வைத்தியம் செய்யட்டும்’ என்று நாம் ஒருபோதும் சொல்ல முடியாது. பணம் படைத்தவன் தனக்குரிய வைத்தியரைத் தேடித் தெரிந்துகொள்வான். நள்ளிரவில் தோட்டத்து லொறியில் ஏற்றிவரப்படும் பிரசவப் பெண் எவருடைய சான்றிதழைப் பரிசோதிப்பாள்? பரீட்சை என்னும் வாயில் ஏழையின் காவல். அது நிற்கத்தான் வேண்டும்.

ஆனால் வாயில்கள் யாவும் அறிவை மட்டுமே அளந்தன என எண்ணுவது பேதைமை. 1938இல் ஹிட்லர் ஒஸ்திரியாவைக் கைப்பற்றியபோது, வியன்னாவின் புகழ்பெற்ற மருத்துவக் கல்வியைப் பெற்ற யூத வைத்தியர் பலர் பிரித்தானியாவின் கதவைத் தட்டினர். அனுமதி கிட்டியதோ ஏறத்தாழ ஐம்பது பேருக்கே. தொழிற்போட்டியை அஞ்சிய வைத்தியர் சங்கங்களே அதிகம் எதிர்த்தன. பின்னர் போர் மூண்டது. வைத்தியசாலைகளில் ஆள் இல்லை. 1941இல் தற்காலிகப் பதிவேடு திறக்கப்பட்டது. அந்த மூன்றாண்டுகளில் அகதிகளின் கல்வி பெருகிவிடவில்லை. பிரித்தானியாவின் தேவையே பெருகியது! தகுதி என்னும் சொல்லுக்குள் நலன்கள் ஒளிந்திருக்கக் கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இன்று அங்கு ‘பிளாப்’ எனப்படும் இரு பகுதிப் பரீட்சை உண்டு. முன்னதாக ஆங்கில மொழித் தேர்ச்சியை நிறுவ வேண்டும். முதற்பகுதியைக் கொழும்பிலும் எழுதலாம்; செய்முறைப் பகுதிக்கு மான்செஸ்டர் நகருக்கே சென்றாக வேண்டும். சம்பளம் பெறும் வைத்தியருக்கு இது செலவு. போரில் சான்றிதழை இழந்து, தொழிலிலிருந்து பல்லாண்டு விலகி, களஞ்சியத்தில் இரவுவேலை செய்யும் அகதிக்கோ இது மலை. வினாத்தாள் ஒன்றே; பரீட்சை ஒன்றன்று.

இவ்வுண்மையை உணர்ந்தோரும் உளர். மான்செஸ்டரை அடுத்த சால்ஃபோர்டு வைத்தியசாலையில் 2003 முதல் ‘ரீச்’ என்னும் நிலையம் அகதி வைத்தியருக்கு மொழியையும், நோயாளருடன் உரையாடும் முறையையும், அந்நாட்டு மருத்துவ நடைமுறையையும் கற்பித்து வருகிறது. அவர்கள் அளவுகோலைக் குறைக்கவில்லை. ஏறுவதற்குப் படி கட்டினர்.

ஆசிரியர்களாகிய நமக்கு இப்பாடம் புதிதன்று. உயர்தர வினாத்தாள் கொழும்புக்கும் பதுளைக்கும் ஒன்றே. பல்கலைக்கழக அனுமதியில் மாவட்டப் பங்கும், பதுளை உள்ளிட்ட பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலும் ஐந்து வீதமும் ஒதுக்கப்பட்டுள்ளமை பாதைகள் சமமல்ல என்பதை அரசே ஒப்புக்கொண்டதன் அடையாளம். எனினும் ஆய்வுகூடமும் விஞ்ஞான ஆசிரியரும் இல்லாத தோட்டப் பாடசாலைப் பிள்ளைக்கு அந்த ஒதுக்கீடு எட்டாக் கனியே. வாயிலை அகலத் திறந்தால் மட்டும் போதாது. அதுவரை வழியும் வேண்டும்.

‘வைத்தியர் வெளியேற நாமே வழி சமைப்பதா?’ என ஒருவர் வினவலாம். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியர் பலர் இந்நாட்டை விட்டு அகன்றதை நாம் அறிவோம். அதன் சுமை மலையக நோயாளியின் தோளிலும் விழுகிறது. ஆனால் ஏழை நாட்டின் வைத்தியரைச் செல்வ நாடு விலைபேசி அழைப்பது வேறு; தன் மண்ணில் ஏற்கெனவே தஞ்சம் புகுந்தவரின் கல்வியை வீணாக்காதிருப்பது வேறு. முன்னதைக் கட்டுப்படுத்தவே உலக சுகாதார ஸ்தாபனம் 2010இல் ஒரு நெறிக்கோவையை ஏற்றது. பின்னதைத் தடுக்க எந்த நெறியும் சொல்லவில்லை.

பிறரைக் கேட்கும் நாம் நம் முற்றத்தையும் பார்த்தல் வேண்டும். 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் இலங்கை இணையவில்லை. மூன்றாம் நாடொன்றை எதிர்நோக்கி இங்கு காத்திருக்கும் அகதிக்குத் தொழில் புரியும் உரிமை இல்லை. அவர் வைத்தியராயினும் அவருக்கு வாயிலே இல்லை! ஈழத்து அகதிகளுக்காக உலகெங்கும் நீதி கேட்ட மக்கள் இதனைக் கண்டும் காணாதிருத்தல் தகுமா?

சமுதாயம் ஒரு மனிதனிடம் தகுதியைக் கேட்க உரிமையுடையது. அத்தகுதியை அடையும் வழியைத் தர அதுவே கடமைப்பட்டது. மொழிப்பயிற்சி, கட்டணச் சலுகை, பயிற்சிக்கு ஒரு வைத்தியசாலை, கற்கும் காலத்தில் ஒருவேளைச் சோறு - இவை தருமமல்ல. பரீட்சை நீதியானதென்று சொல்லிக்கொள்வதற்கு நாம் செலுத்த வேண்டிய விலை. அவ்விலையைச் செலுத்தாத இடத்தில் பரீட்சை என்பது நாகரிகமான மறுப்பே அன்றி வேறில்லை.