மறுபடியும் தண்ணீரை இறக்க வேண்டும்

1996-ல் வெளியான ‘சூப்பர் மரியோ 64’ ஆட்டத்தின் 11-வது உலகம் ஒரு ஓவியத்துக்குள் இருக்கிறது. கோட்டை மாடியில் மாட்டியிருக்கும் அந்தப் படத்துக்குள் மரியோ குதிக்க வேண்டும். படத்தின் அடிப்பக்கம் குதித்தால் உள்ளே தண்ணீர் தாழ்ந்து கிடக்கும். உச்சியைப் பார்த்துக் குதித்தால் நிறைந்து நிற்கும். உள்ளே போன பிறகும் மட்டத்தை மாற்றலாம். ஆங்காங்கே வைர வடிவில் ஸ்விட்சுகள் இருக்கின்றன. ஒன்றைத் தொட்டால், அது இருக்கும் உயரத்துக்குத் தண்ணீர் வந்துவிடும்.

இத்தகைய ஆட்டங்களில் ஸ்விட்ச் என்றால் பெரும்பாலும் ஒரு கதவு திறக்கும், இல்லையென்றால் ஒரு பாலம் முளைக்கும். தொட்டவருக்கு லாபம் மட்டும்தான். தண்ணீர் ஸ்விட்ச் ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை எடுத்துக்கொள்கிறது. நீர் நிறைந்திருந்தால் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் மரியோவுக்கு அடிபடாது. உயரமான இடங்களுக்கு நீந்தியே போய்விடலாம். தலையை வெளியே நீட்டினால் இழந்த சக்தியும் திரும்பிவிடும். ஆனால் தரையில் செய்ய வேண்டிய வேலைகள் முழுகிப் போயிருக்கும். வடித்துவிட்டால் ஓடலாம், தாவலாம். கால் தவறினால் அடி பலமாக விழும். சுவருக்கு அப்பால் ஒளிந்திருக்கும் பழைய நகரத்துக்குப் போக நிறைந்த தண்ணீர்தான் வேண்டும். அந்த உலகத்தில் 7 நட்சத்திரங்கள் உண்டு. ஒரே மட்டத்தில் நின்றுகொண்டு அத்தனையையும் எடுத்துவிட முடியாது.

எது சரியான மட்டம் என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. இப்போது என்ன வேலை என்றுதான் பார்க்க வேண்டும்.

வெளியில் நாம் அப்படிப் பார்ப்பதில்லை. சம்பளம், பதவி, வீட்டின் அளவு எல்லாம் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய பொறுப்பை விட்டுச் சின்ன வேலைக்குப் போகிறவரையும், பெற்றோரைப் பார்த்துக்கொள்ளச் சொந்த ஊருக்குத் திரும்புகிறவரையும் பார்த்து, ‘என்ன ஆச்சு, ஏதாவது பிரச்சினையா?’ என்றே சுற்றம் விசாரிக்கிறது. அவர் தெரிந்தே மட்டத்தை இறக்கியிருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. இறக்குவதில் நஷ்டம் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. விழுந்தால் தாங்கிக்கொள்ள முன்பு இருந்த ஆழம் இப்போது இருக்காது. அவர் இறக்கும் தண்ணீர் கூட இருக்கும் மனைவி, பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இறங்குகிறது. இருந்தாலும் அதைத் தோல்விக் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

மரியோவுக்கு ஒரு வசதி: ஸ்விட்ச் பக்கத்திலேயே இருக்கும், நினைத்தால் மாற்றிக்கொள்ளலாம். மனிதர்களின் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது 1998-ல் வந்த ‘செல்டா: ஆக்கரீனா ஆஃப் டைம்’ என்ற சாகச ஆட்டத்தின் நீர்க்கோயில். ஏரிக்கு அடியில் உள்ள அந்தக் கோயிலில் தண்ணீருக்கு 3 மட்டங்கள். ஒவ்வொரு மட்டத்துக்கும் தனித்தனி இடத்தில் ஒரு சின்னம் பொறித்திருக்கிறது. அதன் முன் நின்று கதாநாயகன் லிங்க் ஒரு தாலாட்டை வாசித்தால் நீர் ஏறும் அல்லது இறங்கும். மேலே ஏற்றிய பிறகு கீழே ஏதோ விட்டுப்போனது தெரிந்தால், பழைய இடத்துக்குத் திரும்பிப் போய்த்தான் இறக்க வேண்டும்.

அங்கே பல பேர் சிக்கிக்கொண்ட இடம் ஒன்று உண்டு. நடுக்கோபுரத்துக்குள் தாலாட்டு வாசித்ததும் தண்ணீர் நடு மட்டத்துக்கு உயர்கிறது. கூடவே லிங்கும் உயர்கிறான், மேலே ஒரு வாசல் தெரிகிறது, ஆடுகிறவர் அதை நோக்கிப் போய்விடுகிறார். அதே நேரத்தில் தரையில் கிடந்த ஒரு கட்டையும் மிதந்து எழுந்து, அதுவரை அது மூடியிருந்த குழியைத் திறந்துவிட்டிருக்கும். இரும்பு பூட்ஸ் போட்டுக்கொண்டு அதில் இறங்கினால் ஒரு சாவிக்கு வழி கிடைக்கும். ஏற்றம் கிடைத்த கணத்தில் காலடியைப் பார்க்க யாருக்குத் தோன்றும்? சாவி ஒன்று குறைகிறது என்பது வெகுநேரம் கழித்து, வேறொரு பூட்டிய கதவின் முன்தான் தெரியவரும். அலுத்துப்போய் ஆட்டத்தைத் திட்டியவர்கள் ஏராளம்.

அந்தக் கோயிலை வடிவமைத்த எய்ஜி அவோனுமாவே பின்னாளில் அதற்காக வருத்தம் தெரிவித்திருக்கிறார். அவர் குறையாகக் கண்டது பூட்ஸை. ஒவ்வொரு முறை போடவும் கழற்றவும் ஆட்டத்தை நிறுத்தி வேறொரு திரைக்குப் போக வேண்டியிருந்தது. 2011-ல் நிண்டெண்டோ 3டிஎஸ் கருவிக்காகப் புதுப்பித்தபோது பூட்ஸ் ஒரு பட்டனுக்கு வந்துவிட்டது. மட்டம் மாற்றும் இடங்களுக்குப் போகும் வழியில் வண்ணக் கோடுகளும் வரைந்தார்கள். இரண்டுமே தேவையான உதவிகள். வழி தெரியாமல் அலைவதில் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. ஆனால் மூன்று மட்டங்களில் அவர்கள் கைவைக்கவில்லை. புதிய பதிப்பிலும் மேலே ஏற்றியவர் கீழே வேலை மிச்சமிருந்தால் கோட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து, தாலாட்டை வாசித்து, தண்ணீரை மறுபடியும் இறக்குகிறார்.