கம்பி தொய்ந்தால்

விமானம் மேடையை விட்டுக் கிளம்பியதும், ஓட்டுபவரும் நின்ற இடத்திலேயே சுழலத் தொடங்குகிறார். அவர் கையில் ஒரு கைப்பிடி. அதிலிருந்து 60 அடி நீளத்துக்கு மெல்லிய எஃகுக் கம்பிகள். மறுமுனையில், பால்சா மரத்தில் இழைத்த இரட்டை இறக்கை மாடல் விமானம்.

அமெரிக்காவில் ‘நேவி கேரியர்’ என்ற பெயரில் நடக்கும் போட்டி இது. விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளம் போன்ற மேடையிலிருந்து கிளம்பும் மாடல், ஏழு சுற்று முடிந்த மட்டும் வேகமாகப் பறக்க வேண்டும். தூரம் ஏறக்குறைய அரை மைல். அடுத்த ஏழு சுற்று முடிந்த மட்டும் மெதுவாக. கடைசியில், அடிவயிற்றுக் கொக்கி மேடைக் கயிற்றில் மாட்டி நிற்க வேண்டும்.

கட்டிப்போட்ட ஒன்றைப் பறக்கிறது என்று சொல்லலாமா? வேடிக்கை பார்ப்பவருக்குச் செக்குமாடு நினைவுக்கு வந்தால் குற்றமில்லை.

மாடலைச் செய்பவரின் கவலையோ வேறு. ஒரு கிலோ எடையுள்ள விமானம் மணிக்கு 100 மைல் வேகத்தில் அந்த வட்டத்தைச் சுற்றினால், கையைச் சுமார் 11 கிலோ விசையுடன் இழுக்கும். மணிக்கு 20 மைலுக்கு வேகம் குறைந்தால் அந்த இழுப்பு அரைக் கிலோகூட இராது. ஆபத்து இங்கேதான். கம்பி தொய்ந்தால் கையசைவு, விமானத்தை ஏற்றி இறக்கும் வால் தகடான எலிவேட்டருக்குப் போய்ச் சேராது; விமானம் அந்த நொடியே ‘சுதந்திரம்’ பெற்று, அடுத்த நொடி தரையில் கிடக்கும். அதனால்தான் வெளிப்பக்க இறக்கை நுனிக்குள் ஒரு சிறு ஈயத் துண்டை ஒட்டுகிறார்கள். சுக்கானையும் வெளிப்புறம் லேசாகத் திருப்பி வைக்கிறார்கள். கம்பியை விட்டு விலகப் பார்க்கும் விமானம்தான் கம்பிக்குக் கீழ்ப்படியும்.

இரட்டை இறக்கையும் கட்டுகளால் ஆனதே. 1896இல் பொறியாளர் ஆக்டேவ் சனூட்டின் குழு பறக்கவிட்ட கிளைடரில், பாலம் கட்டுபவர்களின் சட்டக முறை வானத்துக்கு ஏறியது: மேலொன்று கீழொன்றாக இறக்கைகள், நடுவே கழிகள், குறுக்கே இழுத்துக் கட்டிய கம்பிகள். அந்தக் கம்பிகள் காற்றைத் தடுத்து வேகத்தைத் தின்னும். ஆனால் அவற்றை அறுத்தால் இறக்கை மடங்கிவிடும்.

காற்றைக் கிழித்துப் பறக்கும் புறா, காற்றே இல்லாத வெளியில் இன்னும் எளிதாகப் பறக்கலாமே என்று நினைக்கக்கூடும் என்று தத்துவஞானி இம்மானுவேல் காண்ட் எழுதினார். தன்னைத் தடுப்பதே தன்னைத் தாங்குவதும் என்பது புறாவுக்குத் தெரியவில்லை.

இப்படிப்பட்ட கட்டுக்குத் தமிழில் ஒரு சொல் உண்டு: பாசம். அதற்கு அன்பு என்று பொருள். கயிறு என்றும் பொருள். சைவ சித்தாந்தத்தில் அது உயிரைப் பிணித்திருக்கும் தளை. ஆணவம், கன்மம், மாயை என மும்மலமும் அதில் அடங்கும். அறுபட வேண்டியவைதான், ஆனால் எல்லாம் ஒரே தரமல்ல. மாயை, விடியும்வரை எரியும் விளக்குப் போன்றது என்கிறார் திருவருட்பயனில் உமாபதி சிவம். ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்கு உடலும் கருவிகளும் மாயையிலிருந்தே கிடைக்கின்றன. தளைதான், ஆனாலும் வழிகாட்டுகிறது. காண்ட்டின் புறாவுக்குக் காற்று என்றும் வேண்டும். சித்தாந்தத்தின் உயிருக்கு விளக்கு விடியும்வரைதான் வேண்டும்.

நேவி கேரியர் போட்டி நடித்துக் காட்டும் கப்பல் தரையிறக்கமும் கயிற்றில்தான் தொடங்கியது. 1911 ஜனவரி 18 அன்று சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில், ‘பென்சில்வேனியா’ போர்க்கப்பலின் மேல் அமைத்த மரத்தளத்தில் விமானி யூஜின் இலி தன் கர்ட்டிஸ் இரட்டை இறக்கை விமானத்தை இறக்கினார். கடலில் விழுந்தால் மிதப்பதற்காக உடம்பில் சைக்கிள் டியூப்களைச் சுற்றியிருந்தார். தளத்தின் குறுக்கே 22 கயிறுகள். ஒவ்வொன்றின் இரு முனையிலும் மணல் மூட்டை. கொக்கிகள் கயிறுகளை வாரிக்கொண்டு விமானத்தை நிறுத்தின. கப்பல் தலைவரோடு மதிய உணவு முடிந்தது. அதற்குள் கயிறுகளையும் மூட்டைகளையும் அப்புறப்படுத்தியிருந்தார்கள். அதே தளத்தில் ஓடி, இலி கரைக்குப் பறந்து போனார்.