பூதயக்ஞமும் கல்விச்சாலையும்

பல்கலைக்கழக வளாகங்களை இயற்கைக்கு இசைந்தவையாக மாற்ற வேண்டும் என்ற பேச்சு இன்று எங்கும் கேட்கிறது. கூரைகளில் சூரிய மின்தகடுகள் ஏறுகின்றன. மழைநீர்த் தொட்டிகள் தோண்டப்படுகின்றன. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டு கூடைகள் வைக்கப்படுகின்றன. இவை யாவும் வேண்டியவையே. ஆயினும், இது பொறியாளரும் தோட்டக் கண்காணிப்பாளரும் பார்த்துக்கொள்ள வேண்டிய நிர்வாக விஷயம், தர்ம விசாரத்துக்கு இதில் என்ன வேலை என்று தத்துவம் கற்றவர்களும் சமயப் பற்றுடையவர்களும் ஒதுங்கி நிற்பது எனக்குச் சரியென்று படவில்லை. நான்கு ஆண்டுகள் தங்கியிருந்து போய்விடப் போகிற ஒருவன், தான் பிறப்பதற்கு முன்பே இருந்ததும் தான் போன பின்பும் இருக்கப்போவதுமான ஒரு நிலத்துக்கும், அதில் வாழும் ஜீவராசிகளுக்கும், கடமைப்பட்டிருக்கிறானா? இந்தக் கேள்விக்கு விடை காணாதவரையில் மின்தகடுகளும் கூடைகளும் உயிரற்ற சடங்குகளாகவே நின்றுவிடும்.

இதை ஆகாயத்தில் வைத்து விசாரிப்பதைக் காட்டிலும் ஒரு நிலத்தின்மேல் நின்று விசாரிப்பது நலம். சென்னையில் 1959ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இந்தியத் தொழில்நுட்பக் கழகம், கிண்டிக் காட்டிலிருந்து பிரித்தளிக்கப்பட்ட ஏறத்தாழ 250 ஹெக்டேர் நிலத்தில் அமைந்திருக்கிறது. சோழமண்டலக் கரையை ஒட்டி ஒரு காலத்தில் நெடுகப் பரந்திருந்து, இன்று கோயில் காடுகளாகவும் சிறு சிறு துண்டுகளாகவும் மட்டுமே எஞ்சிவிட்ட உலர் பசுமைமாறாக் காட்டின் ஒரு துண்டு அது. ஆலும் வேம்பும் களாப் புதரும் மண்டிய அந்த நிலத்தில், ஆய்வுக்கூடங்களுக்கும் விடுதிகளுக்கும் இடையே, புள்ளிமானும் வெளிமானும் இன்றும் திரிகின்றன. மாணவர் விடுதிகளுக்குக் காவேரி, கிருஷ்ணா, நர்மதா, கோதாவரி, கங்கா என்று நதிகளின் பெயர்களைச் சூட்டினார்கள். நீராடும்போதே புண்ணிய நதிகளை ஆவாகனம் செய்யும் மரபில் வந்தவர்களுக்கு இப்பெயரிடலின் அழகு விளங்கும். 2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வற்றி, நகரத்து மக்கள் குடங்களோடு லாரித் தண்ணீருக்காக வீதிகளில் காத்து நின்றபோது, அப்பெயர்கள் எத்துணைப் பெரிய பொறுப்பைச் சுமப்பவை என்பதும் விளங்கியிருக்கும். கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் கழிவறைகளுக்கு அவ்வளாகத்தில் பயன்படுத்துகிறார்கள், பாராட்டத்தக்க காரியம்.

அதே வளாகத்தில் இறந்த மான்களின் உடலை அறுத்து ஆராய்ந்தபோது வயிற்றில் பிளாஸ்டிக் பைகள் இருக்கக் கண்டார்கள் என்ற செய்தியும் உண்டு. உணவின் வாசமும் உப்பும் ஒட்டியிருக்கும் பையை மான் இலையோடு இலையாக விழுங்கிவிடுகிறது. அசைபோடும் பிராணியாகையால் அதன் முதல் வயிற்றிலேயே அந்தப் பை தங்கிப்போகிறது. செரிப்பதுமில்லை, குடலுக்கு இறங்குவதுமில்லை. பையோடு பை முறுக்கிக்கொண்டு இரைப்பையை அடைத்துவிட, இடமில்லாத வயிற்றோடு, புல் நிறைந்த நிலத்தின் நடுவிலேயே, அப்பிராணி மெலிந்து மெலிந்து சாகிறது. பையை எறிந்தவன் மானைக் கொல்ல நினைத்தவன் அல்லன். மானைக் கண்டால் நின்று ரசிப்பவனாகவே அவன் இருந்திருப்பான். அவன்மேல் பாவம் உண்டா? ஜைனர்களின் தத்துவார்த்த சூத்திரம் இதற்கு ஐயமின்றி விடை தருகிறது: அஜாக்கிரதையால் உயிருக்கு நேரும் ஊறே இம்சை என்பது அந்நூலின் வரையறை. அத்துடன், முனிவர்கள் கைக்கொள்ள வேண்டிய சமிதி எனப்படும் ஐந்து கவன நெறிகளில் ஐந்தாவதாக, கழிவையும் வேண்டாத பொருளையும் உயிர்களுக்குத் தீங்கு நேராத இடம் பார்த்து விடும் கவனத்தை அச்சமயம் விதித்திருக்கிறது. குப்பையை எங்கே போடுவது என்பதை ஆன்ம சாதனையின் ஓர் அங்கமாகவே வைத்த அம்மகான்களின் நுண்ணுணர்வை எண்ணி நான் பலமுறை வியந்ததுண்டு. உயிர்களோடு பகிர்ந்துண்டு அவற்றைக் காத்தலைக் கொல்லாமை அதிகாரத்திலே வைத்த திருவள்ளுவரும், கத்தியைக் கீழே வைத்துவிட்டால் மட்டும் கொல்லாமை நிறைவேறிவிடாது என்று கருதினார் என்றே கொள்ளத் தோன்றுகிறது.

வைதிக மரபு இதே இடத்துக்கு வேறு வழியாக வருகிறது. மனிதன் பிறக்கும்போதே கடனாளியாகப் பிறக்கிறான் என்பது அதன் தீர்ப்பு. ரிஷிகளுக்கும் தேவர்களுக்கும் பித்ருக்களுக்கும் பட்ட மூன்று கடன்களைத் தைத்திரீய சம்ஹிதை அந்தணனைக் குறித்துச் சொல்ல, சதபத பிராமணம் அதனைப் பிறந்தவர் யாவருக்கும் உரியதாக விரித்து, சக மனிதருக்குப் பட்ட கடனையும் நான்காவதாகச் சேர்க்கிறது. வேதம் ஓதுவதாலே ரிஷிகடன் தீர்கிறது. ஆகவே மாணவனுக்கு விதிக்கப்பட்டது கல்வி. தான் உண்ணுமுன் பிற உயிர்களுக்கு அன்னம் வைக்கிற பூதயக்ஞமோ, பஞ்ச மகாயக்ஞங்களுள் ஒன்றாக இல்லறத்தானுக்கே விதிக்கப்பட்டது. இதற்குக் காரணம் தெளிவானது. பிரம்மசாரிக்கு அடுப்பில்லை, உடைமையில்லை, பிறர் வீட்டு வாசலில் பெற்ற பிக்ஷையே அவன் ஆகாரம். நிலத்திலிருந்து அவன் எடுத்துக்கொண்டது அற்பமாகையால், திருப்பித் தரவேண்டியதும் அற்பமாயிற்று.

இன்றைய மாணவனின் நிலை என்ன? ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒருசேரச் சமைக்கும் விடுதி அடுப்பு அவனுக்காக விடியுமுன் எரியத் தொடங்குகிறது. எங்கோ நிலக்கரி எரித்து எடுத்த மின்சாரம் அவன் அறையைக் குளிர்விக்கிறது. நிலத்தடியில் பல்லாண்டுகளாகச் சேர்ந்த நீர் அவன் திருகும் குழாயில் கொட்டுகிறது. ஒரு பெரிய சம்சாரி அனுபவிக்கும் அளவுக்கு அனுபவித்துக்கொண்டு, கடமை என்று வரும்போது மட்டும், நான் படிக்க வந்தவன், எனக்கு எதுவும் சொந்தமில்லை என்று பிரம்மசாரியின் விலக்கை அவன் கோருகிறான். போகத்தில் கிருஹஸ்தனாகவும் பொறுப்பில் பிரம்மசாரியாகவும் ஒரே சமயத்தில் இருப்பதற்கு எந்தச் சாஸ்திரத்திலும் இடமில்லை. இதை மாணவர்மேல் மட்டும் சாற்றுவது நியாயமாகாது. அந்த வாழ்க்கையை வகுத்துக் கொடுத்த ஆசிரியர்களும் ஆட்சிக்குழுவினருமே இதில் முதற் கடனாளிகள்.

நிலையாமையைக் காட்டி இதற்கு மறுப்புச் சொல்வார் உண்டு. எல்லாம் சிலகாலம், தங்கிப் போகும் சத்திரத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பானேன் என்பார்கள். சத்திரத்தில் தங்கியவன் காலையில் புறப்படுகையில் திண்ணையைக் கூட்டி, பானையில் நீர் நிரப்பி வைத்துவிட்டுப் போவதுதான் நம் நாட்டு வழக்கம் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். நிலையாமையை உலகில் எவரினும் ஆழ்ந்து போதித்த பௌத்த சங்கமே இதற்குச் சான்று. கோசாம்பி நகரத்து அரசன் உதயணனின் தேவிமார் புத்தரின் சீடரான ஆனந்தருக்கு ஐந்நூறு சீவரங்கள் அளித்தார்கள். துறவிக்கு இத்தனை துணி எதற்கு என்று அரசன் ஐயுற்று வினவினான். கந்தையுடுத்திய பிக்குகளுக்குப் பகிர்ந்தளிப்போம் என்றார் ஆனந்தர். பழைய சீவரங்கள்? படுக்கை விரிப்பாகும். பழைய விரிப்புகள்? மெத்தையுறையாகும். பழைய உறைகள் தரைவிரிப்பாகும், தரைவிரிப்பு மிதியடியாகும், மிதியடி தூசி துடைக்கும் துணியாகும், அதுவும் நைந்தபின் கிழித்துக் களிமண்ணோடு பிசைந்து தளத்துக்குப் பூசுவோம் என்றார். அரசன் மகிழ்ந்து மேலும் ஐந்நூறு அளித்தான் என்று விநயபிடகம் கூறுகிறது. பற்றற்றவன் பொருளை அலட்சியம் செய்பவன் என்ற நம் எண்ணத்தை இந்த ஒரு வரலாறு அடியோடு தகர்த்துவிடுகிறது. எதுவும் தனதில்லை என்று அறிந்தவனே எதையும் வீணாக்க அஞ்சுகிறான்.

கீதையின் நிஷ்காமிய கர்மத்தையும் இவ்விடத்தில் பலர் பிழைபடப் புரிந்துகொள்கிறார்கள். நான் அறிந்த ஒரு கல்லூரியில் ஆண்டுதோறும் மரம் நடும் விழா நடக்கும். விருந்தினர் வந்து நடுவார், படம் எடுப்பார்கள், பங்குனி வெயிலுக்குள் கன்று பட்டுப்போகும், அடுத்த ஆண்டு அதே குழியில் வேறொரு கன்று இறங்கும். நட்டோம், பலன் இறைவன் கையில் என்றார் அங்கே ஒருவர். பலனில் பற்றை விடச் சொன்ன நூல் நீர் ஊற்றுவதை விடச் சொல்லவில்லை. மேலும், நடுவதே எங்கும் புண்ணியம் என்பதும் உண்மையன்று. வெளிமான் அடர்ந்த காட்டில் வாழும் பிராணியன்று. நெடுந்தூரம் கண்ணுக்குத் தெரிகிற, தடையின்றி ஓடத்தக்க, திறந்த புல்வெளியே அதன் வீடு. வெற்றிடம் என்று கருதி அப்புல்வெளியை மரங்களால் நிரப்பிவிட்டால், பசுமை பெருகும், வெளிமான் அற்றுப்போகும். கருணைக்கு ஞானம் துணை வேண்டும் என்பது வேறெங்கும் மெய்யாக இருப்பதைவிடக் கல்விச்சாலையில் மெய்யாக இருக்க வேண்டும். புல்லின் இயல்பையும் மானின் இயல்பையும் ஆராய்ந்து சொல்லத்தக்கவர்கள் அங்கேயே அல்லவா இருக்கிறார்கள்?

வளாகத்துக்கு வெளியே என்று ஓரிடம் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தென்சென்னையின் குப்பை பல்லாண்டுகளாகப் பெருங்குடியில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின்மீதே கொட்டப்பட்டு மலையாயிற்று. வலசை வரும் பறவைகளுக்கு இருப்பிடமான அந்தச் சதுப்பு நிலத்தை 2022ஆம் ஆண்டில்தான் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். வாசலைத் தாண்டியதும் நம் பார்வையிலிருந்து மறைகிற பொருள் வேறோர் உயிரின் வீட்டுக்குள் போய் விழுகிறது.

வாசகர்களில் ஆசிரியராகவோ ஆட்சிக்குழு உறுப்பினராகவோ இருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பட்டமளிப்பு விழாவில் துணைவேந்தர் வாசிக்கும் ஆண்டறிக்கையில் பெற்ற பரிசுகளும் வெளியிட்ட ஆய்வுகளும் இடம்பெறுகின்றன. அவற்றோடு, அவ்வாண்டு வளாகம் நிலத்திலிருந்து எடுத்த நீர் எவ்வளவு, எரித்த மின்சாரம் எவ்வளவு, விடுதிகளில் மிஞ்சி வீணான சோறு எவ்வளவு, வாசலுக்கு வெளியே அனுப்பிய குப்பை எவ்வளவு, அது போய்ச் சேர்ந்த ஊர் எது, நட்டவற்றில் பிழைத்த கன்றுகள் எத்தனை, மாண்ட பிராணிகள் எத்தனை என்பதையும் பட்டம் பெறுவோர் முன்னிலையில் உரக்க வாசியுங்கள். தங்கள் பேரில் உள்ள கடன் இன்னதென்று தெரிந்துகொண்டு அவர்கள் அந்த மண்டபத்தை விட்டுப் புறப்படட்டும். இதற்குப் பெரும் செலவில்லை. வரும் ஆண்டிலேயே தொடங்கிவிடலாம்.