இரும்புக்கு ஏங்கும் வெட்சி

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் அரளி. அங்கிருந்து ஒரகடம் பக்கம் திரும்பினால் தொழிற்சாலை மதில்களின் ஓரம் இட்லிப்பூ என்கிற வெட்சி. இரண்டும் ஒருமுறை நட்டால் வருடக்கணக்கில் நிற்பவை. இரண்டுக்கும் நல்ல வெயில் வேண்டும். இரண்டும் கிளையின் நுனியில் பூப்பவை. நர்சரியிலிருந்து ஒரே குட்டியானை வண்டியில் ஏறி வருகின்றன. இறங்கிய பிறகு இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை.

*

அரளி கேட்பது கொஞ்சம். நட்ட முதல் கோடையில் லாரித் தண்ணீர் கிடைத்தால் போதும், அப்புறம் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். கார்களைச் சுமந்து போகும் நீள லாரிகள் இரவெல்லாம் புழுதியை அதன் மேல் வாரிக் கொட்டுகின்றன. காலையில் ரோஜா நிறக் கொத்து சாம்பல் பூசியபடி விரிந்திருக்கும்.

இலையைத் திருப்பிப் பார்த்தால் இந்தத் துணிச்சலின் காரணம் புரியும். அது மூச்சுவிடும் துளைகள் இலையின் மேற்பரப்பில் இல்லை. அடிப்பக்கத்தில், குழிகளுக்குள், மயிரடர்ந்த இருட்டில் பதுங்கியிருக்கின்றன. சூடான காற்று நேரே மோதாததால் நீர் எளிதில் ஆவியாவதில்லை. தாவரவியல் மாணவர்கள் வறண்ட நிலச் செடிக்கு எடுத்துக்காட்டாக அரளி இலையைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்ப்பது வழக்கம். இத்தனைக்கும் அரளியின் சொந்த வீடு பாலைவனம் அல்ல, ஆற்றுப்படுகை. மத்தியதரைக் கடற்கரையிலிருந்து வட இந்தியா வரை, மழைக்காலத்தில் வெள்ளமும் மற்ற மாதங்களில் வெறும் மணலுமாகக் கிடக்கும் ஓடைகளில் அது தானே வளர்கிறது. கார்த்திகையில் முழங்கால் தண்ணீர், சித்திரையில் கொதிக்கும் தார் என்ற நம் நடுத்திட்டு அதற்குப் புதிய இடம் அல்ல.

ஆடு மாடு வாய் வைக்காது என்பதும், எதிரே வரும் வண்டியின் விளக்கை மறைக்கும் என்பதும் நெடுஞ்சாலைக்காரர்களுக்கு வேண்டிய குணங்கள். இலை, பூ, தண்டு, வேர், பால் எல்லாமே நஞ்சு. இதயத்தின் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு. 2024 மே மாதம் கேரளத்தில் திருவிதாங்கூர், மலபார் தேவசம் வாரியங்கள் தங்கள் கோயில்களில் அரளிப்பூவைப் பிரசாதத்திலிருந்து விலக்கின. நம் ஊர் அம்மன் கழுத்தில் செவ்வரளி மாலை இன்னும் அப்படியேதான் தொங்குகிறது. அம்மனுக்கு அதெல்லாம் ஒன்றும் செய்யாது என்று விட்டுவிட்டார்கள் போல.

*

வெட்சி இந்தத் தெற்கின் செடி. தென்னிந்தியாவும் இலங்கையும் அதன் தாய்நிலம். தொல்காப்பியம் புறத்திணையை அதன் பெயரில் தொடங்குகிறது. ஆநிரை கவரப் போனவர்கள் சூடிய பூ. இன்று ஒரகடம் சாலையில் நள்ளிரவில் படுத்து அசைபோடும் ஆநிரையை யாரும் கவர்வதில்லை, லாரிக்காரர்கள் ஹாரன் அடித்து எழுப்பப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

சொந்த மண்ணின் செடி சொகுசாக வளரும், வந்தேறி வாடும் என்றுதான் நினைப்போம். இங்கே நேர்மாறு. மதிலோர வெட்சியின் இளந்தளிர்கள் வெளுத்து மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிகிறது. முதிர்ந்த இலைகள் பச்சையாகவே இருக்க, புதிதாக வருபவைதான் வெளுக்கின்றன. இது இரும்புச் சத்துக் குறைவின் அடையாளம். இரும்பு செடிக்குள் ஓரிடத்தில் தங்கினால் தங்கியதுதான். பழைய இலையிலிருந்து கழற்றிக் கொழுந்துக்கு அனுப்பச் செடியால் முடியாது.

எந்த ஊரில் இந்தக் குறை என்று நினைத்தால்தான் மனம் நிற்கிறது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓடத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2012இல் பாரத்பென்ஸ் லாரி, 2013இல் ராயல் என்ஃபீல்டு. சுருள் சுருளாக எஃகுத் தகடு வந்து இறங்கும் சாலை இது. ரோடு போடக் கொட்டும் சரளை மண்ணின் சிவப்பே இரும்பின் சிவப்புத்தான். செடியின் காலடியிலும் இரும்பு இருக்கிறது. கரையவில்லை. வெட்சிக்குப் புளிப்பு மண் வேண்டும், கார அமில அளவு 5க்கும் 6க்கும் இடையில். அந்த அளவு ஒரு படி ஏறினால் மண்நீரில் கரைந்து கிடைக்கும் இரும்பு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். மதில் எழுப்பியபோது சிந்திய சிமென்ட், இடித்துப் போட்ட கட்டடக் கழிவு, உப்பு ஏறிய போர் தண்ணீர் என மூன்றும் மண்ணைக் காரத்தின் பக்கமே தள்ளுகின்றன.

ஒரு கம்பெனியின் முன்தோட்டத்தில் களை எடுக்கும் அம்மா ஒருவர் இதை இரண்டு வரியில் முடித்தார். "இது சீக்கு இல்ல சார். சுவத்துலேர்ந்து சுண்ணாம்பு எறங்குது, அதான் வெளுக்குது." மருந்து அடிக்கலாமே என்றேன். "அடிக்கலாம். மண்ண மாத்தாத வரிக்கும் அடிச்சிக்கினே இருக்கணும்."

அந்த மருந்து அன்னபேதி என்ற இரும்பு உப்பு. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், அதோடு கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. வெயில் ஏறும் முன் இலை நனையத் தெளித்தால் அடுத்து வரும் தளிர் பச்சை கட்டும். அதையே காரமண்ணில் கொட்டினால் கரையாமல் வீணாகப் போகும். மண்ணுக்குச் செய்ய வேண்டியது வேறு: வேரடியிலிருந்து கட்டடக் குப்பையை வாரிவிட்டு, மதிலைவிட்டு இரண்டடி தள்ளி நட்டு, மக்கிய இலையும் தொழுவுரமும் கலந்த செம்மண்ணை நிரப்பி, மேலே சருகு மூடாக்குப் போடுவது. ஈரம் எப்போதும் இருக்க வேண்டும், தேங்கவும் கூடாது. இவ்வளவு கேட்கிற செடியைப் பிகு பண்ணுகிறது என்று சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெட்சி கேட்பது இந்த வட்டாரத்தின் பழைய மேல்மண்ணை. அது தொழிற்பேட்டைக்கு நிலம் சமன் செய்தபோது புல்டோசர் வழித்துக்கொண்டு போன மண்.

*

அந்த மேல்மண்ணுக்கும் கீழே வேறொரு கதை. ஸ்ரீபெரும்புதூர் படிவங்கள் என்று நிலவியலாளர்கள் சொல்லும் களிக்கல் அடுக்குகள். 19ஆம் நூற்றாண்டில் ராபர்ட் புரூஸ் ஃபுட் இந்தப் பகுதியை நடந்து ஆராய்ந்தார். 1863இல் பல்லாவரத்தில் கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர் அவரே. இந்த அடுக்குகளில் டைலோபில்லம் என்ற செடியின் இலைத்தடங்கள் கிடைக்கின்றன. வயது பத்துக் கோடி ஆண்டுக்கு மேல். சீப்புப்போல் பிளந்த அந்த இலை அரளிக்கும் வெட்சிக்கும் சொந்தமில்லை. பூச்செடிகள் பூமியில் அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கியிருந்தன.

*

அரளியா வெட்சியா என்று வண்ணத்துப்பூச்சிகளிடம் கேட்டால் வேறு தீர்ப்பு வரும். அரளி பகட்டாகப் பூக்கும், உள்ளே தேன் கிடையாது. ஏமாந்து வரும் பூச்சி மகரந்தத்தைச் சுமந்து போக வேண்டியதுதான். வெட்சியின் பூவோ மெல்லிய நீளக் குழாய்; அடியில் இருக்கும் துளித் தேனை நாங்கள் சிறுவயதில் உறிஞ்சியிருக்கிறோம். நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட பெரிய வண்ணத்துப்பூச்சிகள் சிறகடித்தபடியே அதைக் குடித்துவிட்டுப் போகும். இலைகளைப் பட்டுநூலால் தைத்து முசுறு எறும்பு கூடு கட்டுவதும் வெட்சியில்.

ஆனாலும் அரளியை வெறும் ஏமாற்றுக்காரி என்று தள்ளிவிட மனம் வரவில்லை. கறுப்புச் சிறகில் வெள்ளைப் புள்ளி தெறித்த ஒரு வண்ணத்துப்பூச்சி தேடி வந்து அதன் இலையில் முட்டையிடுகிறது. புழு அந்த நஞ்சைத் தின்றே வளர்கிறது. பிறகு இலைக்கடியில் வெள்ளிபோல் பளபளக்கும் கூட்டுப்புழுவாகத் தொங்குகிறது. கார்க் கதவுக்கு அடிக்கும் பெயின்ட் தோற்கும்.

*

தண்ணீர். 2019 முதல் கோயம்பேட்டில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சவ்வூடு வடிகட்டி, குழாய் வழியே இந்த வட்டாரத்தின் ஆலைகளுக்கு அனுப்பும் திட்டம் இயங்குகிறது. அது எந்திரங்களுக்கு. தோட்டத்துக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஆலையின் கேன்டீனிலும் கழிவறையிலும் புழங்கி, வளாகத்துக்குள்ளேயே சுத்திகரித்த நீர். உப்பு கொஞ்சம் மிச்சமிருக்கும். அரளி கண்டுகொள்வதில்லை; வெட்சியின் இலை ஓரம் கருகும். மழைநீரைப் பிடித்து வைத்து வெட்சிக்கு மட்டும் ஊற்றலாம், யாராவது மனது வைத்தால்.

1017இல் இதே வட்டாரத்தின் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசர், திருமலையில் பூத்தொண்டு செய்ய அனந்தாழ்வானை அனுப்பினார் என்பது வைணவ மரபு. அனந்தாழ்வான் தம் ஆசாரியன் பெயரில் நந்தவனத்துக்காக அங்கே ஏரி வெட்டினாராம். கர்ப்பிணியான மனைவி கூடை சுமந்தாராம். இந்தக் கதையைப் பக்திக்கு உதாரணமாகச் சொல்வார்கள். நான் அதைத் தோட்டக்காரனின் கதையாகவும் படிக்கிறேன். பூவுக்கு முன்னால் தண்ணீரைப் பற்றி யோசித்திருக்கிறார்.

*

வெட்சி பூக்காததற்கு இன்னொரு காரணம் கத்திரி. நுனியில் மொட்டு வைக்கும் செடியை வாரம் தவறாமல் நூல் பிடித்து வெட்டினால் எங்கிருந்து பூக்கும்? வேலி பச்சைப் பெட்டிபோல் நேராக நிற்கிறது, அவ்வளவுதான். ஒரு பூப்பு முடிந்ததும் அளவாகக் கிள்ளிவிட்டு, இரண்டு மாதமாவது தொடாமல் விட வேண்டும். அரளியையும் வெட்டலாம், வெட்டிய இடத்தில் கிளைத்து அடுத்த நுனிகளில் மறுபடி பூத்துவிடும். வெட்டும்போது கையுறை வேண்டும், வெட்டியதை எரிக்கக் கூடாது, புகையும் நஞ்சு. நடுத்திட்டில் வெட்டுபவர்கள் பலர் வெறுங்கையோடுதான் வெட்டுகிறார்கள்.

அந்த அம்மாவிடம் வெட்சியைக் கொஞ்ச நாள் வெட்டாமல் விட்டுப் பார்க்கலாமே என்று கேட்டேன். சூப்பர்வைசரிடம்தான் கேட்க வேண்டும் என்றார். ஆடிட்டுக்கு வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்களாம், அதுவரை வேலி நேராக இருக்க வேண்டுமாம். கேட்டுக்கு உள்பக்கம், கேமராவில் விழாத மூலையில் நான்கு செடிகளை மட்டும் அவர் வெட்டாமல் விட்டிருக்கிறார். அவற்றுக்கு அன்னபேதியும் தெளித்திருக்கிறார்.